ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்குப் போன கதை



பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் நிறுத்திவிட்டு "அருமை டீச்சர்" என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படித்தாலும் சரிதான்.

போன மாதம் நம் 1994-ஆம் வருட எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றி வந்தது. மாலை ஏழு மணிக்கு மேல் சாப்பிடுவதெல்லாம் கொழுப்பாக மட்டுமே சேருமாம். நம் முன்னோர் இருட்டுவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்ததால் தொப்பையில்லாமல் நூறு வயது வாழ்ந்தார்களாம். அதற்குக் கீழே உங்களில் ஒருவன் கேட்டிருந்தான்: "டீச்சர், எனக்கு ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வர்றதுக்கே பதினொரு மணி ஆயிரும். அப்ப நான் சாப்பிடவே கூடாதா? வேலைக்குச் சேர்ந்த இருபது வருசத்துல பதினெட்டு கிலோ ஏறிட்டேன். போன மாசம் சுகர் இருக்குன்னு சொல்லிட்டாங்க."

நான் மருத்துவர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் உங்களுக்குச் சமூக அறிவியல் நடத்தியவள். ஆனாலும் இந்தக் கேள்விக்குள் பாதி வரலாறு இருக்கிறது. அந்தப் பாதியை நான் சொல்லலாம். மீதிப் பாதி அறிவியல். அதையும் ஓய்வுபெற்ற பிறகு கிடைத்த நேரத்தில் தேடிப் படித்து வைத்திருக்கிறேன்.

முன்னோர் எப்போது சாப்பிட்டார்கள்?

"முன்னோர்" என்று யாராவது ஆரம்பித்தால், "யாருடைய முன்னோர்?" என்று கேட்கச் சொல்லி உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன்.

நான் பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம், ஆற்றுப்பாசன ஊர். வேலை பார்த்தது சங்கரன்கோவில் பக்கம் கரிசல் காடு. இரண்டு பக்கமும் இரண்டு விதமான ராத்திரி. எங்கள் ஊரில் கொஞ்சம் வசதியுள்ள வீடுகளில் மத்தியானம்தான் பெரிய சாப்பாடு. சாயங்காலம் விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்துக்குள் இருக்கிற சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். பஞ்சாயத்து ரேடியோவில் ஏழே கால் செய்தி முடியும்போது பல வீடுகளில் வட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாகிவிடும்.

கூலி வேலைக்குப் போகிற வீடுகளில் அப்படி இல்லை. காலையில் பழையது, மத்தியானம் தூக்குச்சட்டியில் கொண்டுபோன கம்மங்கூழோ சோளக்கூழோ. வேலை முடிந்து வீடு திரும்பும்போது பொழுது அடைந்திருக்கும். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுப் பெண் தண்ணீர் எடுத்து, தானியத்தைக் குத்திப் புடைத்து, அடுப்பு மூட்டி உலை வைப்பாள். ஒரு நாளின் சூடான சாப்பாடு அது ஒன்றுதான். கொதித்து இறக்க எட்டரை, ஒன்பது ஆகும். அதற்குள் தூங்கிப்போன பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்து ஊட்டுவார்கள். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலைக்கு ஆயிற்று. உங்களில் பலருடைய தாத்தா பாட்டி அப்படித்தான் சாப்பிட்டார்கள். என் வகுப்பில் இருந்த சிலர் வீட்டில் 1990-களிலும் அதுதான் நடைமுறை.

ஆக, நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் ராத்திரியில்தான் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். பிறகு ஏன் தொப்பை விழவில்லை? வயிறு நிறைந்தது அந்த ஒரு வேளைதான். பகல் முழுக்க மண்வெட்டியும் களைக்கொத்தும் கையில் இருந்தன. எங்கே போனாலும் நடை. இதையெல்லாம் விட்டுவிட்டு நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்வது சரியாகாது. நூறு வயதுக் கதையும் அப்படித்தான். நாடு சுதந்திரம் அடைந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயது அளவில்தான் இருந்தது. பச்சைக் குழந்தைகள் ஏராளமாக இறந்ததும் அந்தச் சராசரியில் சேர்ந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தைகளும் நம் முன்னோரின் பிள்ளைகள்தானே.

வெளிச்சத்துக்கு விலை இருந்த காலம்

வசதியுள்ளவர்கள் ஏன் சீக்கிரம் சாப்பிட்டார்கள் என்றால், உடம்பைப் பற்றிய அக்கறையைவிட எண்ணெய்ச் செலவு முக்கியமான காரணம். ஆமணக்கு எண்ணெய்க்கு நாம் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: விளக்கெண்ணெய். குடிப்பதற்கு முன்னால் அது எரிப்பதற்கு இருந்தது. இலுப்பை எண்ணெயும் புன்னை எண்ணெயும் அதே வேலையைச் செய்தன. எல்லாமே செக்கில் ஆட்டி எடுக்க வேண்டியவை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிவதற்கு 96 ஆடுகள் கொடுத்ததாகத் திரும்பத் திரும்ப வரும். ஒரே ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டுமானால் அதன் நெய்க்கு ஓர் ஆட்டு மந்தையே வேண்டியிருந்தது. வெளிச்சம் அவ்வளவு விலை உயர்ந்த பொருளாக இருந்த நாட்டில், வீட்டில் யார் விளக்கை எரித்துக்கொண்டு பத்து மணிக்குச் சாப்பிடுவார்கள்?

பொழுது சாய்ந்தபின் உண்ணாமல் இருப்பதை ஒழுக்கமாகவே வைத்திருந்தவர்களும் நம் மண்ணில் உண்டு. கழுகுமலைக்கு உங்களைச் சுற்றுலா அழைத்துப் போனது நினைவிருக்கும். வெட்டுவான் கோயிலுக்குப் பக்கத்தில் பாறை முழுக்க வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்குமே, அந்தச் சமணர்கள்தான். சூரியன் மறைந்தபின் சாப்பிடாமல் இருப்பது அவர்கள் நெறி. வட மாவட்டங்களில் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் இன்றும் அதைக் கடைப்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். காரணம் எடை அல்ல, கொல்லாமை. இருட்டில் சமைத்தால் விளக்கைத் தேடி வரும் பூச்சிகள் சாகும், உணவிலும் விழும் என்பதுதான்.

திருக்குறளில் "மருந்து" என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 95-ஆவது. உங்களுக்குத் தமிழய்யா நடத்தியிருப்பார். பத்துக் குறளையும் திரும்பப் படித்துப் பாருங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும் என்று வள்ளுவர் எங்கேயும் சொல்லவில்லை. முன்பு உண்டது செரித்துவிட்டதா என்று பார், நன்றாகப் பசித்தபின் உண், அளவறிந்து உண் என்கிறார். கடிகாரம் இல்லாத காலத்தில் எழுதினாலும், ஷிப்டில் வேலை பார்ப்பவனுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதியிருக்கிறார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சங்கு ஊதியது, விளக்கு எரிந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மண்ணெண்ணெய் வந்தது. சிம்னி விளக்கும் அரிக்கேன் விளக்கும் வந்தன. விளக்கெண்ணெயைவிட வெளிச்சம் அதிகம். ஆனாலும் எரிய எரியக் காசுதான். வீட்டில் திரியை இறக்கி வைக்கச் சொல்லிப் பெரியவர்கள் அதட்டிய காலம் எனக்கே நினைவிருக்கிறது.

பெரிய மாற்றம் மின்சாரத்தால் வந்தது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932, மேட்டூர் 1937, நம் பாபநாசம் 1944. மலையிலிருந்து விழுகிற தண்ணீர் மில்லின் கதிரையும் சுற்றியது, வீட்டு விளக்கையும் ஏற்றியது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் மின்கம்பி கிராமம் கிராமமாகப் போனது. சுவிட்சைத் தட்டினால் பகல் என்று ஆன பிறகு, ராத்திரியில் செய்யக்கூடிய வேலைகள் பெருகின.

வேலை நேரத்தை மில் மாற்றியது. விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி 1880-களிலேயே தொடங்கியது. மில் இருக்கிற ஊரில் சூரியனைப் பார்த்து யாரும் சோறு பொங்க மாட்டார்கள், சங்கைக் கேட்டுத்தான் பொங்குவார்கள். மூன்று ஷிப்ட் வந்தபின் ஒரே வீட்டில் அப்பா ஒரு நேரம், அண்ணன் ஒரு நேரம், பிள்ளைகள் ஒரு நேரம் என்று சாப்பாடு மூன்றாகப் பிரிந்தது. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் வேளை என்று ஒன்று இருந்தது, அது முதலில் கலைந்தது மில் தொழிலாளி வீட்டில்தான்.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. இங்கிலாந்தில் பதினாறாம் நூற்றாண்டில் நாளின் பெரிய சாப்பாடு முற்பகல் பதினொரு மணி வாக்கில். பதினெட்டாம் நூற்றாண்டில் பணக்காரர்கள் அதைப் பிற்பகல் மூன்று, நான்கு, ஐந்து என்று தள்ளிக்கொண்டே போனார்கள். லண்டன் தெருவில் 1807-இல் கேஸ் விளக்கு எரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வசதியானவர்களின் 'டின்னர்' இரவு ஏழு, எட்டுக்குப் போய்விட்டது. இடையில் விழுந்த பெரிய இடைவெளியை நிரப்ப மத்தியான லஞ்சும், நாலு மணித் தேநீரும் வந்தன. நேரம் கழித்துச் சாப்பிடுவது அங்கே அந்தஸ்து. விளக்கு எரிக்க வசதி இருக்கிறது, காலையில் எழுந்து வேலைக்கு ஓட வேண்டியதில்லை என்று ஊருக்குக் காட்டுகிற வழி.

நம் ஊரில் அந்தஸ்துக்காகத் தள்ளிப்போனதைவிட, வேலைக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் தள்ளிப்போனதுதான் அதிகம். டூரிங் டாக்கீஸ் கொட்டகையில் இருட்டினால்தான் படம் தெரியும். முதல் ஆட்டம் விட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட ஒன்பதரை, பத்து. ஆனால் அது மாதத்துக்கு ஒரு நாள். சென்னையில் 1975-இல் தூர்தர்ஷன் வந்தது. எங்கள் பக்கம் டிவி பரவலானது எண்பதுகளின் கடைசியில். 1993-இல் சன் டிவி. 1999-இல் 'சித்தி', 2002-இல் 'மெட்டி ஒலி'. 2006-க்குப் பிறகு அரசே வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. மாதத்துக்கு ஒரு நாள் இருந்தது இப்போது தினமும் ஆயிற்று. தொடர் முடிந்தால்தான் சோறு, இல்லையென்றால் தொடரைப் பார்த்துக்கொண்டே சோறு. காலை முதல் பாடவேளையில் எத்தனை பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்பதை வைத்தே முந்தின நாள் தொடரில் முக்கியமான கட்டம் வந்திருக்கிறது என்று நான் கண்டுபிடித்துவிடுவேன்.

அதே காலத்தில் புரோட்டாக் கடை பெருகியது. நம் பக்கத்தில் சாயங்காலம்தான் கல் சூடேறும், நடுராத்திரி வரை கொத்துச் சத்தம் கேட்கும். மைதா, எண்ணெய், சால்னா. மத்தியானச் சாப்பாட்டைவிடக் கனமான பலகாரம், படுக்கப் போகும் நேரத்தில். இப்போது கடைக்குப் போகக்கூட வேண்டாம், போனைத் தட்டினால் வீட்டு வாசலுக்கே வருகிறது. வேலை உட்கார்ந்து செய்கிற வேலையாக மாறியது, நடை பைக்காக மாறியது, தானியம் வெள்ளைச் சோறாகவும் மைதாவாகவும் மாறியது. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனது இத்தனையோடும் சேர்ந்துதான். எடை ஏறியதற்கு நேரத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். ஆனால் நேரத்துக்குப் பங்கே இல்லையா? அதற்குத்தான் அறிவியல் பக்கம் போக வேண்டும்.

உடம்புக்குள் இருக்கிற கடிகாரம்

சாப்பாட்டையும் எடையையும் முதன்முதலில் விடாப்பிடியாக அளந்து பார்த்தவர் இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ. தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து சாப்பிட்டு, பல ஆண்டுகள் தன்னைத்தானே எடை போட்டுக்கொண்டே இருந்தார். 1614-இல் புத்தகமாக எழுதினார். உள்ளே போன எடையில் பெரும்பகுதி கழிவாக வெளியே வருவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் உடம்பிலிருந்து போய்விடுகிறது என்று அவர் கண்டார். நாம் சாப்பிடுவதை உடம்பு சும்மா இருக்கும்போதும் செலவழித்துக்கொண்டே இருக்கிறது என்று இன்று நாம் சொல்வதற்கு அது ஒரு தொடக்கம்.

அடுத்தது உங்களுக்குப் பிடித்த செடி, தொட்டாச்சிணுங்கி. 1729-இல் பிரான்சில் தெ மெரான் என்பவர் அந்தச் செடியை இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாதபோதும் பகல் நேரத்தில் இலையை விரித்து, இரவு நேரத்தில் மடக்கியது. அப்படியானால் நேரம் சொல்வது வெளியே இருக்கும் சூரியன் மட்டுமல்ல, செடிக்குள்ளேயும் ஏதோ இருக்கிறது.

மனிதனுக்குள்? 1938-இல் அமெரிக்காவில் கிளைட்மன் என்ற பேராசிரியர் தன் மாணவர் ரிச்சர்ட்சனை அழைத்துக்கொண்டு மாமத் குகைக்குள் போய் 32 நாள் தங்கினார். ஒரு நாளுக்கு 24 மணி நேரத்துக்குப் பதிலாக 28 மணி நேரம் என்று வைத்து உண்டு உறங்கிப் பார்த்தார்கள். இளைஞரான மாணவரின் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. ஆசிரியரின் உடம்பு 24 மணி நேரக் கணக்கை விட மறுத்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதுதானே நடக்கும். 1971-இல் பழ ஈக்களில் இந்தக் கடிகாரத்துக்கான மரபணு ஒன்றைக் கொனாப்கா, பென்சர் இருவரும் அடையாளம் காட்டினார்கள். அது எப்படி ஓடுகிறது என்று விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. மூளையில் ஒரு தலைமைக் கடிகாரம், கல்லீரல், கணையம், கொழுப்புத் திசு என்று ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னக் கடிகாரங்கள். தலைமைக் கடிகாரத்துக்கு வெளிச்சம் மணி அடிக்கிறது. மற்றவற்றுக்குச் சாப்பாடும் மணி அடிக்கிறது. பொதுவாக ராத்திரியில் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் பகலைவிடக் குறைவு. அதே இட்லியைக் காலையில் சாப்பிட்டால் ஏறுகிற சர்க்கரையைவிட, நடுராத்திரியில் சாப்பிட்டால் கூடுதலாக ஏறும், நேரம் கழித்தே இறங்கும்.

எடையோடு இதை இணைத்தவர்களில் முன்னோடி அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டங்கார்ட். உடல் பருமனுக்குச் சிகிச்சைக்கு வந்தவர்களில் சிலருக்குக் காலையில் பசியே இல்லை, ராத்திரியில் அடங்காத பசி, தூக்கமும் இல்லை என்று 1955-இல் எழுதினார்.

2009-இல் எலிகளை வைத்து ஒரு சோதனை. எலி ராத்திரியில் நடமாடும், பகலில் தூங்கும். கொழுப்புணவை ஒரு கூட்டத்துக்கு நடமாடும் நேரத்தில் மட்டும், இன்னொரு கூட்டத்துக்குத் தூங்கும் நேரத்தில் மட்டும் கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் முதல் கூட்டத்தின் எடை 20 சதவீதம் கூடியது, இரண்டாவது கூட்டத்துக்கு 48 சதவீதம். 2012-இல், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆராயும் சச்சின் பாண்டாவின் குழு, எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் தின்ன விட்ட எலிகள், அதே அளவை நாள் முழுக்கக் கொறித்த எலிகளைப்போலப் பருக்கவில்லை என்று காட்டியது.

எலி எலிதான். மனிதரிடம் பார்ப்போம். 2013-இல் ஸ்பெயினில் எடை குறைக்க முயன்ற 420 பேரை 20 வாரம் கவனித்தார்கள். மத்தியானப் பெரிய சாப்பாட்டை மூன்று மணிக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு எடை குறைவாகவே இறங்கியது. 2022-இல் பாஸ்டனில் 16 பேருக்கு ஒரே உணவை, ஒரே அளவில், ஒரு தடவை வழக்கமான நேரத்திலும், ஒரு தடவை நாலு மணி நேரம் தள்ளியும் கொடுத்தார்கள். தள்ளிச் சாப்பிட்டபோது பசி கூடியது, போதும் என்று சொல்கிற லெப்டின் என்ற சுரப்பு விழித்திருக்கும் நேரத்தில் குறைந்தது, உடம்பு செலவழிக்கும் ஆற்றலும் சிறிது குறைந்தது.

அதே 2022-இல் மறுபக்கமும் வந்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 30 பேருக்குக் காலையில் அதிகம் கொடுத்து ஒரு மாதம், இரவில் அதிகம் கொடுத்து ஒரு மாதம் பார்த்தார்கள். மொத்த அளவு ஒன்றாக இருந்ததால் எடை இரண்டிலும் ஒரே மாதிரிதான் குறைந்தது. ஆனால் காலையில் அதிகம் சாப்பிட்ட மாதத்தில் பசி குறைவு. சீனாவின் குவாங்ச்சோவில் 139 பேர், எல்லாருக்கும் அளவான உணவு. பாதிப் பேர் காலை எட்டிலிருந்து மாலை நாலுக்குள் முடிக்க வேண்டும், மீதிப் பேருக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஓராண்டு கழித்து இரு பிரிவுக்கும் எடையில் பெரிய வித்தியாசமில்லை.

இதையெல்லாம் சேர்த்துக் கரும்பலகையில் எழுதினால் இப்படி வரும். ஏழு மணி என்பது மந்திரக் கோடு அல்ல, அதைத் தாண்டிய கவளம் எல்லாம் கொழுப்பாகிவிடாது. அளவைக் கட்டினால் நேரத்தின் பங்கு சிறியது. ஆனால் நேரம் தள்ளிப்போனால் அளவைக் கட்டுவதே கஷ்டமாகிறது. பசி கூடுகிறது, போதும் என்ற உணர்வு குறைகிறது, தூக்கம் கெடுகிறது, மறுநாள் காலையில் பசிக்காமல் மறுபடி எல்லாம் ராத்திரிக்குத் தள்ளிப்போகிறது.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. 18 கிலோவுக்கு 1,38,600. இருபது ஆண்டுக்கு 7,300 நாள். வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 19 கலோரி. ஒரு டீஸ்பூன் சீனி! உடம்பு கணக்கு நோட்டு இல்லை. எடை கூடக்கூட செலவும் கூடும் என்பதால் உண்மையில் கூடுதலாகச் சாப்பிட்டது இதைவிட அதிகமாக இருக்கும். ஆனாலும் விஷயம் புரிகிறதல்லவா? பெருந்தீனி தின்று ஏறியதல்ல அந்தப் பதினெட்டு கிலோ. களைத்து வந்த ராத்திரிகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அதனால் வெட்கப்படவோ, உன்னை நீயே திட்டிக்கொள்ளவோ ஒன்றுமில்லை, தம்பி. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. இத்தனை பேரும் சோம்பேறிகளா?

ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு

வேலை நேரத்தை மாற்ற உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். பெரிய சாப்பாட்டை ஷிப்டுக்கு முன்னால் மத்தியானத்திலோ, கேன்டீன் இடைவேளையிலோ வைத்துக்கொள். பதினொரு மணிக்கு அறைக்கு வந்தபின் பசித்தால் லேசாக ஏதாவது சாப்பிடு, பட்டினியாகப் படுக்க வேண்டாம். இரண்டு இட்லி போதும் என்றால் இரண்டோடு நிறுத்து. கடைப் புரோட்டாவைப் பழக்கமாக வைத்துக்கொள்ளாதே. சாப்பிட்ட உடனே படுக்காமல் கொஞ்சம் நட. வள்ளுவர் சொன்ன மூன்றும் அங்கேயும் செல்லும்: செரித்ததா, பசிக்கிறதா, அளவு தெரிகிறதா. ஒன்று முக்கியம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து இரவு உணவைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மருத்துவரிடம் உன் ஷிப்ட் நேரத்தைச் சொல்லி, அதற்கேற்ப மருந்தையும் உணவையும் கேட்டு வாங்கிக்கொள்.

கடைசியாகச் சாப்பிடுகிறவர்

இந்த வரலாற்றில் ஒருவர் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பெண்களைக் காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில்தான் வேலை வாங்கலாம் என்றது. வீட்டு அடுப்படிக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. மில் ஆள் வந்து சாப்பிடும் வரை ஒருத்தி காத்திருந்தாள். கூலி வேலைக்குப் போனவள் வந்து உலை வைத்தாள். நம் பக்கத்துத் தாய்மார்கள் பகல் முழுக்க மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றி, சாயங்காலம் கட்டு எண்ணிக் கடையில் போட்டுவிட்டு வந்து சமைத்தார்கள். சம்பளத்துக்குப் போன நாங்களும் அப்படித்தான். மாமனார், வீட்டுக்காரர், பிள்ளைகள், வந்த விருந்தாள் என்று எல்லாருக்கும் வைத்து, அடுப்படி மெழுகி, மிச்சம் இருப்பதைச் சட்டியோடு வைத்துக்கொண்டு நான் உட்காரும்போது பத்தேகால், பத்தரை. முப்பது வருடத்துக்கு மேல் அதுதான் என் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். வீணாகிவிடுமே என்று சாப்பிட்ட சோறு எவ்வளவு, பசித்துச் சாப்பிட்டது எவ்வளவு என்று யார் கணக்கு வைத்தார்கள்?

என் வயதுப் பெண்கள் மூட்டு வலி, சர்க்கரை, எடை என்று மருத்துவமனையில் போய் நின்றால், "ராத்திரி சீக்கிரம் சாப்பிடுங்கம்மா" என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அது அவள் கையில் மட்டும் இல்லை. வீட்டில் எல்லாரும் எட்டு மணிக்குத் தட்டை எடுத்தால்தான் அவள் எட்டரைக்குச் சாப்பிட முடியும். பிந்தி வருகிறவர் தானே போட்டுச் சாப்பிடப் பழகினால்தான் அவள் காத்திருக்காமல் இருக்க முடியும். மிச்சத்தை முடிக்க வேண்டியது அவள் பொறுப்பல்ல என்று நீங்கள் சொன்னால்தான் அவள் அளவாகச் சாப்பிட முடியும். மின்சாரமும் மில்லும் டிவியும் தள்ளிவைத்த நேரத்தை முழுசாகத் திரும்பப் பெற முடியாது. வீட்டுக்குள் தள்ளிப்போனதை மட்டுமாவது சேர்ந்து கொஞ்சம் முன்னால் இழுக்கலாம்.

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு. இன்று ராத்திரி உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்பேன். அந்த நேரம் அரை மணியாவது முன்னால் வந்திருந்தால் எனக்குச் சந்தோஷம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்